உளி பிடித்த கைக்குப் பேனா எதற்கு?

"மரம் சீவின கைக்கு இனிமே படிப்பு எதுக்குங்க?" குனோங் ராபாட் மலையடிவாரத்தில் குடியிருக்கும் அக்காள் ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வி இது.

ஏன் கூடாது? பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971-லேயே வேலை செய்வோருக்கு வெளிவளாகப் படிப்பைத் தொடங்கிற்று. அந்நாளில் முதல் சில ஆண்டுகள் வீட்டிலிருந்தே படிப்பு. கடைசி ஆண்டு மட்டும் பினாங்கில். சமூக அறிவியலும் அதில் உண்டு. 2000-ல் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வந்தது. எஸ்.டி.பி.எம். இல்லையா? 21 வயது நிறைந்தவர் தேர்வெழுதி, வேலை அனுபவத்தைச் சான்றோடு காட்டித் தேறினால் பட்டப்படிப்புக்கு வழி இருக்கிறது.

சமூகவியல் ஒன்றும் எட்டாத சங்கதி அல்ல. பிரட்டுக் களம், லயம், கங்காணி, கிராணி, கள்ளுக்கடை, கோயில் திருவிழா... இவற்றில் யார் மேலே, யார் கீழே, அது ஏன் என்று கேட்பதுதான்! ரவீந்திர ஜெயின் என்ற இந்திய ஆய்வாளர் இங்குள்ள ரப்பர் தோட்டமொன்றில் தங்கி, நம்மவர் வாழ்வை ஆராய்ந்து 1970-ல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். வெளியிலிருந்து வந்தவர் எழுதிவிட்டார். நாம் எப்போது எழுதுவது?

தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. அந்தக் கதை தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள். அக்கா, உளி பிடித்த கைதான் அதை எழுத வேண்டிய கை!