மாணவ ஆசிரியரின் தொண்டை ஏன் கட்டுகிறது?

ஆசிரியப் பயிற்சிக்குச் சென்ற சில வாரங்களிலேயே பலருக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. சேலத்திலிருந்து சேர்வராயன் மலைப் பள்ளி ஒன்றுக்குக் கற்பித்தல் பயிற்சிக்காகச் செல்லும் மாணவ ஆசிரியை ஒருவரை எண்ணிக்கொள்வோம். குரல் கம்மியதும், "மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை" என்பார்கள். இது சரியா?

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு. காற்று இவ்வளவு மெலிவதால் பேச்சொலி ஒரு டெசிபெல் அளவுகூடக் குறையாது. சளி பிடித்துக் குரல் கம்முவது வேறு. மற்றபடி, மெலிந்த காற்றின் மீது பழி போடுவதற்கில்லை.

பின் காரணம் என்ன? நம் குரல்வளையில் இரண்டு குரல் நாண்கள் உள்ளன. பெண்கள் பேசும்போது இவை விநாடிக்குச் சுமார் 200 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. 45 நிமிடப் பாடவேளையில் மூன்றில் ஒரு பங்கு நேரமே குரல் எழுந்தாலும், மோதல்கள் 1,80,000 ஆகும். உரக்கப் பேசினால் ஒவ்வொரு மோதலும் வலுக்கிறது, நாண்கள் வீங்குகின்றன.

உரக்கப் பேசத் தூண்டுவது இரைச்சல். தகரக் கூரையில் மலைமழை கொட்டும்போது நம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறோம். இவ்வியல்பை 1911இல் எடுத்துக்காட்டியவர் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர். தொலைவும் சேர்ந்துகொள்கிறது. திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும். வகுப்பறைச் சுவர்கள் ஒலியை எதிரொலிப்பதால் அங்கு அவ்வளவு குறையாது. ஆயினும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்ற கவலையில் புதியவர் கத்துகிறார்.

இது சிறு தொல்லை அன்று. அமெரிக்காவில் 2004இல் வெளியான ஓர் ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையேனும் குரல் கோளாறு கண்டவர்கள் ஆசிரியர்களில் 57.7 விழுக்காடு, மற்றவர்களில் 28.8 விழுக்காடு. 2014ஆம் ஆண்டு விதிகளின்படி அமைந்த ஈராண்டு பி.எட். படிப்பில், இரண்டாம் ஆண்டில் மட்டும் 16 வாரப் பள்ளிப் பயிற்சி உண்டு. அதற்குள் படியும் பழக்கமே பின்னர் நிலைக்கும் அல்லவா?

எனவே, கத்துவதைவிட மாணவர் அருகே செல்வது நன்று. மழை வலுத்தால் பேச்சை நிறுத்திக் கரும்பலகையில் எழுதலாம். மாணவர்களைப் படம் வரையச் சொல்லலாம். இடையிடையே தண்ணீர் அருந்துக. பாடவேளைகளுக்கு நடுவே குரலுக்கு ஓய்வு தருக. கம்மல் மூன்று வாரத்திற்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் காண்க. பாடக்குறிப்பு எழுதப் பழக்குவது போலவே, குரலைக் காக்கவும் பயிற்சிக் காலத்திலேயே பழக்க வேண்டும்.