பிறர் வீட்டில் தங்கும் நாய்க்கு ஏற்ற கருவி எது?

வீட்டில் வளர்க்கும் பிராணிகளுள் நாயைப்போல் எசமானரிடம் பற்று வைப்பது பிறிதொன்றில்லை எனலாம். அப்பற்றே சில வேளைகளில் அதற்கு ஆபத்தாகவும் முடிந்துவிடுகிறது. சித்திரைப் புத்தாண்டுக்கோ நல்லூர்த் திருவிழாவுக்கோ கொழும்பிலிருந்து குடும்பத்தோடு யாழ்ப்பாணம் புறப்படுவோர், நாயை நண்பர் ஒருவரிடமோ, கட்டணம் பெற்று நாய்களைப் பராமரிப்பவரிடமோ ஒப்படைத்துச் செல்வதுண்டு. அங்கே வீடு புதிது, மனிதர் புதியவர், வாசனையும் புதிது. எசமானரைக் காணாது தவிக்கும் நாய், கேற் சற்றுத் திறந்ததும் வீதியிற் பாய்ந்துவிடுகிறது. புத்தாண்டு வெடியோசைக்கு மிரண்டு ஓடும் நாய்களும் உள. வெள்ளவத்தை, தெகிவளைப் பகுதிகளில் ஒருபுறம் காலி வீதி. மறுபுறம் கடலோரப் புகையிரதப் பாதை. மிரண்ட நாய்க்கு இவ்விரண்டும் எமனாகக் கூடியவை.

நாய் நிற்கும் இடத்தை அறிவிக்கும் கருவிகள் இன்று பல விற்பனையாகின்றன. அவற்றுள் எதை வாங்கலாம் என்று ஆராயுமுன் வேறொரு வினாவுக்கு விடை காண்பது நன்று. நாய் ஓடிவிட்டால் அதனைத் தேடிச் செல்லப் போகிறவர் யார்? யாழ்ப்பாணத்தில் நிற்கும் எசமானர் அல்லர். அவருக்கும் நாய்க்கும் இடையே ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரம் கிடக்கிறது. வீதியில் இறங்கித் தேட வேண்டியவர் பராமரிப்பாளரே. ஆதலால், நாயின் இருப்பிடத்தை அவருடைய கைத்தொலைபேசிக்கு அறிவிக்க வல்ல கருவியே நமக்கு வேண்டியது. விலையும் அழகும் இதற்குப் பின்னரே பார்க்கத்தக்கவை.

முதலில், பலரும் தவறாக விளங்கிக்கொள்ளும் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். மிருக வைத்தியர் நாயின் தோலுக்கடியிற் செலுத்தும் 'மைக்ரோசிப்' என்னும் அரிசிமணி அளவான சில்லு, இடத்தைக் காட்டும் கருவியன்று. அதில் பற்றரி கிடையாது. அதற்கென உள்ள வாசிப்புக் கருவியை மிக அருகிற் பிடித்தால் ஓர் இலக்கத்தை மட்டும் தெரிவிக்கும். சர்வதேச முறைப்படி அது 15 இலக்கங்களைக் கொண்டது. யாரேனும் நாயைப் பிடித்து வைத்தியரிடம் கொண்டுசென்ற பின்னரே அது பயன்படும். உரிமையை நிலைநாட்ட அது சிறந்தது. ஓடிய நாயைத் தேட உதவாது.

அடுத்தது, பொத்தானையொத்த புளூடூத் வில்லை. 2021இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட 'எயார்டாக்' இவ்வகையினது. இது தன் இடத்தைத் தானே அறிவதில்லை. அருகே செல்லும் பிறருடைய ஐபோன்கள் இதன் மெல்லிய வானொலி அலையை உணர்ந்து, தாம் நிற்கும் இடத்தை உரியவருக்குத் தெரிவிக்கின்றன. கூகிள் நிறுவனமும் அன்ட்ரொயிட் தொலைபேசிகளைக் கொண்டு இத்தகைய வலையமைப்பை 2024இல் தொடங்கியது. இதற்கு மாதக் கட்டணம் இல்லை. எயார்டாக்கின் பற்றரி சுமார் ஓராண்டு உழைக்கும். ஆயினும் சனநடமாட்டம் உள்ள இடத்திலேயே இது பயன் தரும். ஆளரவமற்ற வளவொன்றுள் நாய் புகுந்துவிட்டால் வில்லை ஊமையாகிவிடும். எயார்டாக் பொருட்களைத் தேடுவதற்கே உரியது, பிராணிகளுக்கன்று என அப்பிள் நிறுவனமே கூறியிருக்கிறது.

நாய் பிறர் வீட்டிலிருக்கும்போது இவ்வில்லையால் மற்றுமோர் இடரும் நேரும். ஒருவரை அவர் அறியாமற் பின்தொடர்வதைத் தடுக்கும் பொருட்டு, உரியவரை விட்டுப் பிரிந்த எயார்டாக் சில மணி நேரத்தின்பின் ஒலி எழுப்பும். அருகிலுள்ளவரின் தொலைபேசிக்கும், "அறியாத கருவியொன்று உம்முடன் வருகிறது" என்ற பொருள்பட எச்சரிக்கை போகும். விவரம் அறியாத பராமரிப்பாளர் அஞ்சி அதனைக் கழற்றி வைத்துவிட்டால் நம் ஏற்பாடு அனைத்தும் வீணன்றோ? 2023 முதல் இதனை வேறு ஐவருடன் பகிர்ந்துகொள்ளும் வசதி உண்டு. ஆனால் அவர்களும் ஐபோன் வைத்திருத்தல் வேண்டும். பராமரிப்பாளரிடம் இருப்பது எவ்வகைத் தொலைபேசி என்று வாங்குமுன் கேட்டறிவது அவசியம்.

மூன்றாவது, ஜீ.பி.எஸ். பொருந்திய கழுத்துப்பட்டி. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுழலும் செயற்கைக் கோள்களின் அலைகளைக்கொண்டு இது தன் இடத்தைத் தானே கணிக்கிறது. அதன்பின் உள்ளே இருக்கும் சிம் அட்டையின் மூலம், தொலைபேசி வலையமைப்பு வழியாக நமக்கு அறிவிக்கிறது. ஓடும் நாயைப் பின்தொடர்ந்து தேடுவதற்கு இம்மூன்றினுள் இதுவே தக்கது. ஆனால் இதற்குப் பெரும்பாலும் மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. கட்டடங்களுக்கிடையிலும் கூரையின் கீழும் இடக்கணிப்பு பல மீற்றர் பிசகக் கூடும்.

இலண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ வரும் உறவினரிடம் சொல்லி இக்கருவியை வருவிப்போர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அந்நாட்டில் இயங்கும் கருவி இந்நாட்டிலும் இயங்கும் என்ற நிச்சயமில்லை. இலங்கையில் அந்நிறுவனத்தின் சேவை உண்டா, அதன் சிம் அட்டை இங்குள்ள வலையமைப்புடன் இணையுமா என்று விசாரித்த பின்னரே பணம் கொடுப்பது விவேகம்.

பற்றரியும் சிந்திக்க வேண்டியதே. நல்லூர் மகோற்சவம் 25 நாட்கள். சில நாட்களுக்கொருமுறை மின்னேற்ற வேண்டிய கருவியாயின், அதனைச் செய்பவரும் பராமரிப்பாளரே. மின்னேற்றும் வடத்தையும் அவரிடம் கொடுத்து, எந்நேரத்தில் ஏற்றுவது என்பதையும் பேசி வைக்க வேண்டும். மின்னேறும் வேளையில் பட்டி கழுத்தில் இராது. ஆகவே அந்நேரம் நாய் வீட்டினுள்ளே இருப்பது நலம்.

கருவி எதுவாயினும், ஊருக்குப் புறப்படுமுன் பராமரிப்பாளரின் வீட்டிலேயே அதனைச் சோதித்துப் பாருங்கள். பல ஜீ.பி.எஸ். கருவிகளில் 'இதுவே பாதுகாப்பான எல்லை' என்று தொலைபேசிப் படத்தில் வட்டமிட்டு வைக்கலாம்; நாய் அதனைத் தாண்டினால் எச்சரிக்கை வரும். அவ்வட்டத்தை நம் வீட்டைச் சுற்றியே விட்டுவைத்தால், நாய் எந்நேரமும் எல்லைக்கு வெளியே நிற்பதாகவே கருவி எண்ணும். உண்மையில் ஓடும்போது புதிய எச்சரிக்கை எழாது. எல்லையைப் புதிய வீட்டுக்கு மாற்றி, பராமரிப்பாளர் நாயுடன் சற்றுத் தூரம் நடந்து, அவருடைய தொலைபேசியில் அறிவிப்பு வருகிறதா என்று பார்த்துவிடுவது நன்று.

சிறிய நாய்க்குப் பாரமான கருவி ஆகாது. பட்டிக்கும் கழுத்துக்கும் இடையே இரு விரல்கள் நுழையும் அளவே பொருத்தமானது. அதிலும் தளர்ந்தால் நாய் தலையை உருவிக்கொண்டு ஓடும், கருவி மட்டும் வேலியில் தொங்கும். பராமரிப்பாளர் வீட்டில் வேறு நாய்களும் இருப்பின், ஒன்றின் கழுத்திலுள்ளதை மற்றொன்று கடித்துப் பிய்ப்பதுண்டு. வில்லைகளிலுள்ள நாணயம் போன்ற லித்தியம் பற்றரியை நாய் விழுங்கினால் உணவுக்குழாய் வெந்து புண்ணாகும். அப்பொழுது தாமதமின்றி மிருக வைத்தியரிடம் கொண்டு ஓட வேண்டும்.

மனித மரியாதையும் இங்கே பேணப்பட வேண்டியதே. நாய் செல்லும் இடமெல்லாம் பராமரிப்பாளரும் செல்கிறார். அவருக்குச் சொல்லாது கருவியை மாட்டிவிடுதல் அவரை வேவு பார்ப்பதற்குச் சமம். காலையில் எவ்வளவு தூரம் நடந்தார் என்று யாழ்ப்பாணத்திலிருந்து கணக்குக் கேட்பதும் அழகன்று. முன்னரே எடுத்துச் சொல்லி அவர் சம்மதத்தைப் பெற்றுவிட்டால், கருவி இருவருக்கும் பொதுவான துணையாகிவிடும்.

கருவி நாயைத் தடுத்து நிறுத்தாது. ஓடிய பின்னர் இடத்தைச் சொல்வதொன்றே அதன் தொழில். கேற்றின் கொளுக்கியும், வெடி கொளுத்தும் நாளில் உள்ளறையின் சாத்திய கதவுமே முதற் காவல். பட்டியில் நம் தொலைபேசி இலக்கத்தோடு பராமரிப்பாளரின் இலக்கத்தையும் பொறித்த சிறு தகடொன்றும் இருக்கட்டும். அதனை வாசிக்கப் பற்றரியும் வேண்டாம், செயற்கைக் கோளும் வேண்டாம். வீதியால் வரும் நல்ல மனிதர் ஒருவரின் கண்களே போதும்.