வீட்டுக்குள் ஓடும் தண்ணீர் – 9: விளாவித் தரும் குழாய்

லண்டனில் நாங்கள் இருப்பது 1930களில் கட்டிய வரிசை வீடு. சமையலறை சிங்கில் இரண்டு குழாய்கள். இடப்பக்கம் வெந்நீர், வலப்பக்கம் பச்சைத் தண்ணீர். மதுரையிலிருந்து வந்த அம்மா, முதல் நாள் பாத்திரம் கழுவப் போய்க் கையை உதறிக்கொண்டு திரும்பினார். "ஒண்ணு கொதிக்குது, இன்னொண்ணு விறைக்குது. நடுவுல எங்கடா கை வைக்கிறது?"

வாளியில் வெந்நீர் ஊற்றி, பச்சைத் தண்ணீர் விட்டு விளாவி, புறங்கையால் பதம் பார்த்துப் பழகியவர் அம்மா. இந்த நாட்டுக்காரர்களும் சிங்கை அடைப்பான் போட்டு மூடி, இரண்டையும் திறந்து அதைத்தான் செய்துவந்தார்கள். ஒரு மிக்ஸர் குழாய் மாட்டினால் போதும் என்று நினைத்து பிளம்பரை அழைத்தேன். அவர் சிங்கைப் பார்க்கும் முன் பரணுக்கு ஏணி கேட்டார்.

டார்ச் ஒளியில் பரண் தொட்டியைக் காட்டினார். மூடி விலகியிருந்தது. நீர்மேல் ஆடையாகத் தூசு, அதில் ஒரு செத்த அந்துப்பூச்சி. இந்தத் தண்ணீர்தான் கீழே செம்பு உருளைக்கு இறங்கி, சூடாகி, வெந்நீர்க் குழாயில் வருகிறது. பச்சைத் தண்ணீரோ தெருவின் குடிநீர்க் குழாயிலிருந்து நேராக வருகிறது. பழைய பிரிட்டிஷ் வீடுகளில் இரண்டு குழாய்களும் பிரிந்து நின்றதற்கு முக்கியக் காரணம் இது.

அழுத்தமும் வேறு. 10 மீட்டர் உயர நீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். எங்கள் தொட்டி சிங்குக்கு 5 மீட்டர் மேலே இருப்பதால் வெந்நீருக்கு அரை பார்தான். தெருக்குழாயில் 3 பார். இரண்டையும் சாதாரண மிக்ஸருக்குள் சேர்த்தால், வலுத்தது இளைத்ததைத் தள்ளிக்கொண்டு வெந்நீர்க் குழாயில் மேலேறும். தெருவில் குழாய் உடைந்து அழுத்தம் விழுந்தால் இன்னும் மோசம். பரண் தண்ணீர் குடிநீருக்குள் இழுபடக்கூடும். அதைக் குடிப்பது அடுத்த வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். இங்கிலாந்தின் 1999ஆம் ஆண்டு நீர்ப் பொருத்து விதிகள் இப்படிப் பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கச் சொல்கின்றன.

வழி இரண்டு உண்டு. மூக்கின் நுனிவரை இரண்டு நீரையும் தனித்தனியே கொண்டுவரும் குழாய் ஒன்று. இல்லையேல் இரு பக்கமும் நான்-ரிட்டர்ன் வால்வு. தொட்டியில்லாமல் தெருக்குழாய் நீரையே நேராகச் சூடாக்கும் காம்பி பாய்லர் உள்ள வீட்டில் இரண்டும் தெரு அழுத்தத்திலேயே வருவதால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. எங்களுக்கு முதல் வகையே பொருந்தியது. ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர்கள் பலவற்றுக்கு அரை பார் போதாது.

சிங்கில் இருந்த துளைகளின் மையங்களை அளந்தோம்: 180 மில்லிமீட்டர். அதே அளவில் குழாய் வாங்கினோம். பாய்லரை அணைத்து, சிங்குக்கு அடியிலுள்ள வால்வையும் உருளைக்கு நீர் விடும் வால்வையும் மூடி, குழாய்களைத் திறந்து வடியவிட்டோம். அடியில் இறுகியிருந்த நட்டுகளை நீண்ட கழுத்து ஸ்பேனரால்தான் திருப்ப முடிந்தது. மேலே குழாயை நான் அழுத்திப் பிடித்தேன். பிடிக்காவிட்டால் சிங்கின் தகடு முறுக்கிக்கொள்ளும். புதியதை மாட்டித் தண்ணீர் விட்டதும், ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த டிஷ்யூ தாளைச் சுற்றினார் பிளம்பர். கண்ணுக்குத் தெரியாத கசிவையும் தாள் காட்டிவிடும். ஒன்றில் ஈரம் படிந்தது. கால் சுற்று இறுக்கியதும் நின்றது.

குனிந்து பார்த்தால் குழாய் மூக்கின் நடுவே ஒரு தடுப்பு தெரிகிறது. இரண்டு நீரும் அதைத் தாண்டி, காற்றில்தான் கலக்கின்றன. அம்மா புறங்கையை நீட்டி, இரண்டு கைப்பிடிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். "இப்பப் பதமா இருக்கு" என்று பாத்திரத்தை எடுத்தார்.

விலகிக் கிடந்த அந்த மூடியை அன்றே சரிசெய்தோம். அடுத்த வாரம் அந்தப் பரண் தொட்டிக்குள் இறங்குவோம்.