விறாந்தை விளக்கில் கூடு கட்டினால்

தெஹிவளை, வெள்ளவத்தை ஒழுங்கைகளில் சில வீடுகளில் விறாந்தை விளக்கின் சுவிச்சுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டியிருப்பார்கள். வந்தவர் யாரும் தெரியாமல் அழுத்திவிடக் கூடாது என்பதற்காக. மேலே விளக்குக் கூண்டுக்குள் கொண்டைக்குருவி ஒன்று அடைகாத்துக்கொண்டிருக்கும். செய்தி அன்றைக்கே அயலுக்குப் போய்விடும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். மேல்மாடியில் இருப்பவர் காகத்தை விரட்டுவார். இரண்டு வீட்டுக்கு அப்பால் இருப்பவர் தன் பூனையைக் கட்டிவைப்பார். அந்த ஒரு மாதத்துக்குக் குருவிக் குடும்பம் அந்த ஒழுங்கைக்கே சொந்தம்.

இந்த அன்பு நல்லது. ஆனால் சரியாகச் செலுத்தினால்தான் குஞ்சுகள் பிழைக்கும்.

முதலில், ஏன் விளக்கு? கறுத்த தலையும் சின்னக் கொண்டையும் வாலடியில் சிவப்பும் கொண்ட இந்தக் குருவியைச் சிங்களத்தில் கொண்டயா என்பார்கள். மெல்லிய வேர், சுள்ளி, காய்ந்த புல் ஆகியவற்றைச் சிலந்தி வலையால் பிணைத்து, கிண்ணம் போலக் கூடு கட்டும். அந்தக் கிண்ணத்தைத் தாங்க ஒரு கவை வேண்டும், மழை படாத ஒரு கூரை வேண்டும். தோட்டத்தில் செம்பருத்திப் புதரில் இவை இரண்டும் இருந்தன. தோட்டங்கள் தொடர்மாடிகளாகிய இடங்களில் அவை விளக்கிலும் திரைச்சீலைக் கம்பியிலும் சாடியில் தொங்கும் செடியிலும்தான் மிஞ்சியிருக்கின்றன. இன்னொரு காரணம் நாமேதான். முட்டையையும் குஞ்சையும் தின்பவை காகம், செண்பகம், அணில், பாம்பு. ஆட்கள் நடமாடும் விறாந்தைக்குள் அவை அவ்வளவு துணிந்து வருவதில்லை. நம் அருகாமையைக் குருவி காவலாகப் பயன்படுத்துகிறது.

பொல்கிச்சா என்று அயலவர் சொல்லும் கரிச்சான் வேறு வகை. அதற்குப் பொந்து வேண்டும். சுவர் ஓட்டை, உடைந்த குழாய், பழைய பெட்டி எதுவும் போதும். தேன்சிட்டு உடுப்புக் காயப்போடும் கம்பியில்கூடப் பை போலக் கூட்டைத் தொங்கவிடும். சிட்டுக்குருவிக்கென்றே ஓட்டை போட்ட மண்முட்டியை இறப்பில் கட்டிவிடும் வழக்கம் சிங்கள வீடுகளில் நெடுங்காலமாக உண்டு. குருவி குடிவந்தால் வீட்டுக்கு நல்லது என்ற நம்பிக்கை அது. யன்னலுக்கு மேல் காற்றுப் போக ஓட்டை வைத்த பழைய வீடுகள் இடிபட்டு, கண்ணாடியால் மூடிய கட்டடங்கள் எழும்போது இந்தப் பறவைகளின் இடமும் சேர்ந்து போகிறது. புதிதாக வீடு கட்டுபவர்கள் ஒரு முட்டிக்காவது இடம் விடவேண்டும் என்பேன்.

அயல் ஒன்று சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஓர் உதாரணம் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் பொத்தகுடி என்று ஒரு கிராமம், ஏறத்தாழ 100 வீடுகள். 2020இல், ஊரடங்குக் காலத்தில், தெருவிளக்குகளின் சுவிச்சுப் பெட்டிக்குள் சின்னக் குருவி ஒன்று கூடு கட்டி முட்டையிட்டது. நாளும் அந்தச் சுவிச்சைப் போடும் இளைஞர் அதைப் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பெட்டியைத் தொட்டால் குருவி போய்விடும். தொடாவிட்டால் 35 விளக்குகளும் எரியாது. ஒரு குருவிக்காக ஊரே இருட்டில் இருப்பதா என்று முதலில் தயங்கியவர்களும் இருந்தார்கள். பேசிப் பேசி எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். குஞ்சுகள் பறக்கும்வரை, ஏறத்தாழ 40 நாள், இரவில் கைப்பேசி வெளிச்சத்தில் நடந்தார்கள். இதே மாவட்டத்தில்தான் வேட்டங்குடிச் சரணாலயம் இருக்கிறது. அங்கே வரும் கொக்கு நாரைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி கொளுத்துவதில்லை. பொத்தகுடியின் முடிவு வெறும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நியூயோர்க்கில் வேறு மாதிரி நடந்தது. ஐந்தாம் அவெனியூவில் செல்வந்தர்கள் வாழும் மாடி ஒன்றின் விளிம்பில் பேல் மேல் என்று பெயர் பெற்ற பருந்து 1993 முதல் கூடு கட்டிவந்தது. 2004 டிசம்பரில் கட்டட நிர்வாகம் கூட்டை அகற்றியது. மக்கள் வாசலில் பதாகையோடு கூடினார்கள். அந்த மாதமே கூட்டைத் தாங்கும் அமைப்பை மறுபடி பொருத்த வேண்டியதாயிற்று.

தெஹிவளையில் பதாகை தேவைப்படாது. கொண்டைக்குருவியின் கணக்கு சிறியது. பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று முட்டை. அடைகாக்க ஏறத்தாழ இரண்டு வாரம், குஞ்சு கூட்டை விட இன்னும் இரண்டு வாரத்துக்கும் குறைவு. அதுவரை அந்த விளக்கைப் போடாதீர்கள். பழைய வகைக் குமிழ் என்றால் சூட்டில் முட்டை கெடும், காய்ந்த புல் தீப்பற்றவும் கூடும். எந்த விளக்கானாலும் இரவு வெளிச்சம் பூனைக்குக் கூட்டைக் காட்டிக்கொடுக்கும். அறைக்குள் கூடு என்றால் யன்னல் ஒன்றைத் திறந்தே வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள்.

அன்பு தீங்காகும் இடங்கள் இரண்டு. ஒன்று, படம் எடுப்பது. கூட்டருகே கதிரை போட்டு ஏறிக் கைப்பேசியை நீட்டும்போது தாய் பறந்து போகும். எதிர் மதிலில் இருக்கும் காகம் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். தூரத்தில் நின்று பாருங்கள்.

மற்றது, நிலத்தில் குஞ்சைக் கண்டதும் தூக்கிப் பெட்டிக்குள் வைப்பது. செட்டை முளைத்து, தத்தித் தத்திப் போகும் குஞ்சு வழிதவறியது அல்ல. கொண்டைக்குருவிக் குஞ்சு நன்றாகப் பறக்கும் முன்பே கூட்டை விட்டு இறங்கும். தாயும் தகப்பனும் பக்கத்தில் நின்று சில நாள் ஊட்டும். பூனைக்கு எட்டாத புதரில் வைத்துவிட்டு விலகினால் போதும். மயிர் முளைக்காத குஞ்சு விழுந்தால் கூட்டிலேயே திருப்பி வையுங்கள். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது சரியல்ல. சோறும் பாணும் பாலும் ஊட்டவேண்டாம். குஞ்சுக்குத் தாய் கொடுப்பது பெரும்பாலும் பூச்சியும் புழுவும். துளித்துளியாகத் தண்ணீர் விட்டால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

காயப்பட்டிருந்தால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தை 1992 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பெரும்பாலான பறவைகளுக்குக் காவல் தருகிறது. கூண்டில் வளர்ப்பதற்காகக் குஞ்சு பிடிப்பது குற்றம்.

இந்தக் குருவி மனிதர் பக்கத்தில் வாழப் பழகியது இங்கே மட்டும் அல்ல. 1903 அளவில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன இந்தியத் தொழிலாளர்களோடு அது பிஜிக்குப் போனதாகச் சொல்வார்கள். அங்கே பெருகி, பழத்தோட்டங்களுக்குக் கேடாகி, உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. இங்கே அது நம் மண்ணின் பறவை. தெஹிவளைக்குக் கிழக்கே, 1990இல் சரணாலயமாக்கப்பட்ட பெல்லன்வில-அத்திடிய சதுப்பு நிலமும் இருக்கிறது, 372 ஹெக்டேயர். 2018இல் கொழும்பு, ராம்சர் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. மீன்கொத்தியும் நாரையும் அந்தச் சதுப்பு நிலத்தில் பிழைப்பது அரசின் கையில். விறாந்தைக் கூடு அந்த ஒழுங்கைக்காரரின் கையில்.

குஞ்சுகள் போனபின் சில நாள் பொறுத்துக் கூட்டை எடுத்துவிடலாம். வசதியான இடம் என்று கண்ட சோடி அதே விளக்குக்குத் திரும்பி வருவதும் உண்டு. விருப்பமில்லை என்றால் அதற்கு முன்பே விளக்குக் கூண்டின் மேற்பக்கத்தை வலையால் மூடிவிடுங்கள். முட்டை இட்டபின் மூடக் கூடாது.