கேள்வி கேளாத குழு

பெரிய மருத்துவமனை ஒன்று வீழ்ந்தது என்றால், அங்கே வைத்தியம் சரியில்லை போலும் என்றே நாம் எண்ணுகிறோம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1998இல் நிகழ்ந்தது அவ்வாறன்று. தேர்ந்த மருத்துவர்கள் இருந்தனர். நோயாளிகளும் வந்தவண்ணம் இருந்தனர். எனினும் அலகேனி சுகாதார, கல்வி, ஆராய்ச்சி அறநிலையம் அவ்வாண்டு ஜூலைத் திங்களில், ஏறத்தாழ 130 கோடி டாலர் கடனுடன் நீதிமன்றத்தில் திவால் மனு அளித்தது. இலாபம் கருதாத மருத்துவ நிறுவனங்களுள் அத்துணைப் பெரிய திவாலை அந்நாடு அதற்குமுன் கண்டதில்லை.

பிட்ஸ்பர்க் நகரத்து மருத்துவமனை ஒன்றே அதன் வேர். 1986இல் தலைமை ஏற்ற ஷெரீப் அப்தெல்ஹாக், மாநிலத்தின் மறுகோடியிலுள்ள பிலடெல்பியாவிலும் கால் ஊன்ற விரும்பினார். மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனைகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 1993இல் ஹானிமன் பல்கலைக்கழகமும் இணைந்தது. மருத்துவர் பலரின் சொந்தத் தொழிலைக்கூட விலைக்கு வாங்கினர். அவர்கள் நோயாளிகளை அனுப்புவர் என்பது கணக்கு. வந்தவற்றோடு கடன்களும் வந்தன. காப்பீட்டு நிறுவனங்களோ தாம் கொடுக்கும் தொகையைக் குறைத்துக்கொண்டே போயின.

இங்கேதான் நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். மேற்பார்வைக் குழுவில் வீற்றிருந்தோர் வணிகத்தில் பழுத்தவர்கள். ஆனால் குழு ஒன்றன்று, பத்து! ஒன்றில் அமர்ந்தவர் பெரும்பாலும் மற்றொன்றில் அமர்வதில்லை. வரவுசெலவு முழுவதையும் ஒருசேரக் கண்டவர் தலைவரும் அவரைச் சூழ்ந்த சிலருமே. பணமுடை முற்றியபோது, குறித்த காரியங்களுக்கென்றே நன்கொடையாளர் அளித்திருந்த நிதியினின்று அன்றாடச் செலவுக்கு எடுத்தனர். அயல் மாநிலங்களில் தமிழ்ச் சங்கம் நடத்திப் பழகிய நேயர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கட்டட நிதியில் கைவைத்துப் பொங்கல் விழா நடத்தினால், அடுத்த பொதுக்குழுவில் யாரேனும் ஒருவர் எழுந்து கேட்டே தீருவார். அவரைச் சச்சரவுக்காரர் என்றும் சொல்வோம். அலகேனியில் அத்தகைய கேள்வி எழுந்தபோது காலம் கடந்துவிட்டது.

1998 ஜூனில் தலைவர் நீக்கப்பட்டார்; அறநிதியைத் தவறாகப் பயன்படுத்திய குற்றச்சாட்டை எதிர்த்து வழக்காடாமல் 2002இல் தண்டனை பெற்றார். பிலடெல்பியா மருத்துவமனைகள் எட்டு, 34.5 கோடி டாலருக்கு, இலாப நோக்குள்ள நிறுவனமொன்றின் கைக்குச் சென்றன. அவற்றுள் ஒன்றான ஹானிமன் மருத்துவமனை பின்னர் மீண்டும் கைமாறி, 2019இல் மூடப்பட்டது. அங்கே பயிற்சியிலிருந்த 500க்கும் மேற்பட்ட இளம் மருத்துவர்கள் வேறு இடம் தேடிச் சென்றனர்.