பூனையின் நகத்தை நறுக்கலாம், அகற்றக் கூடாது: பல பூனைகள் வாழும் வீடுகளுக்கான வழிமுறைகள்

புதுதில்லி:

ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் வளரும் வீடுகளில் சோபா உறை கிழிவதும், திரைச்சீலை நூல்நூலாகத் தொங்குவதும், கைகளில் கீறல் விழுவதும் வழக்கமான முறையீடுகளாக உள்ளன. வாடகைக் குடியிருப்பாக இருந்தால், கதவிலும் சுவரிலும் விழும் தடங்கள் வீட்டு உரிமையாளருடன் பிணக்கையும் ஏற்படுத்துகின்றன. இத்தகைய சூழலில், அறுவைச் சிகிச்சை மூலம் நகங்களை நிரந்தரமாக அகற்றிவிடலாமா என்ற எண்ணம் சிலருக்கு எழுகிறது. ஆனால் அந்தச் சிகிச்சை, பூனையின் விரல் நுனியில் உள்ள எலும்பையே துண்டிப்பதாகும். நகத்தின் நுனியைக் குறித்த கால இடைவெளியில் நறுக்குவதும், பிறாண்டுவதற்கென்று போதுமான இடங்களை அமைத்துத் தருவதுமே இதற்கு உரிய தீர்வாகும்.

பிறாண்டுவது ஏன்?

பூனைக்குப் பொதுவாக 18 நகங்கள் உண்டு. முன்னங்கால் ஒவ்வொன்றிலும் 5, பின்னங்கால் ஒவ்வொன்றிலும் 4 என்ற கணக்கில் அவை அமைந்துள்ளன. நகத்தின் வெளி உறை அவ்வப்போது முதிர்ந்து கழன்று விழ வேண்டும். பூனை சொரசொரப்பான பொருளைப் பற்றி இழுக்கும்போது அந்த உறை உதிர்ந்து, உள்ளிருக்கும் கூர்மையான புதிய நகம் வெளிப்படுகிறது. உறங்கி எழுந்ததும் உடலை நீட்டித் தசைகளைத் தளர்த்திக்கொள்ளவும் பிறாண்டுதல் உதவுகிறது.

மூன்றாவது காரணம், பல பூனைகள் வாழும் வீட்டில் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. பூனையின் பாதங்களில் மணச் சுரப்பிகள் உள்ளன. பிறாண்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியும் கீறலுடன், பிற பூனைகள் மட்டும் உணரக்கூடிய மணமும் பதிகிறது. இது தனது எல்லையை அறிவிக்கும் செயலாகும். எனவே கதவு, சன்னல், நடைபாதை ஆகிய இடங்களில் பிறாண்டல் திடீரென அதிகரித்தால், பூனைகளுக்கிடையே பதற்றம் நிலவுகிறது என்றோ, வெளியில் உலவும் தெருப்பூனை சன்னல் வழியாகத் தென்படுகிறது என்றோ கருதலாம். அடிப்பதும் அதட்டுவதும் இந்தப் பதற்றத்தை அதிகப்படுத்துமே தவிர, குறைக்காது.

சட்டம் கூறுவது என்ன?

பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்து வளர்கிறது. ஆகவே, நகம் மீண்டும் முளைக்காமல் இருக்க அந்த எலும்பையும் சேர்த்து வெட்ட வேண்டியுள்ளது. மனிதரின் விரல்களைக் கடைசி மூட்டோடு துண்டிப்பதற்கு இது நிகரானது. இச்சிகிச்சைக்கு உள்ளான பூனைகளிடம் நீடித்த வலி, நடையில் மாற்றம், மணல் தட்டைப் பயன்படுத்தத் தயங்குதல், நகம் இல்லாததால் கடித்துத் தற்காத்துக்கொள்ளுதல் ஆகியவை காணப்படலாம். நகமுள்ள பிற பூனைகளுடன் வாழும்போது அத்தகைய பூனை தற்காப்பின்றித் தவிக்கும் நிலையும் உருவாகிறது.

இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, விலங்குகளின் உறுப்பைச் சிதைப்பதைக் குற்றமாக வகைப்படுத்துகிறது. மாடுகளின் கொம்பு நீக்கம், விதைநீக்கம், சூடுபோடுதல், மூக்கணாங்கயிறு இடுதல் ஆகியவற்றுக்கு, விதிக்கப்பட்ட முறையில் செய்யப்படும்போது, அப்பிரிவு விலக்கு அளிக்கிறது. நகம் அகற்றுதலைச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. எனினும், விலக்குப் பட்டியலிலும் அது இடம்பெறவில்லை. முதல் முறை குற்றத்திற்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை மட்டுமே அபராதம் விதிக்க இச்சட்டம் வகை செய்கிறது. எனவே பூனையின் பாதுகாப்பு, தண்டனை குறித்த அச்சத்தைவிட வளர்ப்பவரின் முடிவையே பெரிதும் சார்ந்துள்ளது. கட்டி, ஆறாத தொற்று போன்ற நோய்களுக்காகக் கால்நடை மருத்துவர் மேற்கொள்ளும் சிகிச்சை இதிலிருந்து வேறுபட்டதாகும்.

இச்சட்டம் உருவாவதற்கு வித்திட்டவர், கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் ஆவார். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த அவர், விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு அளித்த உறுதியை ஏற்று அதைத் திரும்பப் பெற்றார். சட்டத்தின்கீழ் 1962-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. சென்னையில் நெடுங்காலம் இயங்கிய வாரியத்தின் தலைமையகம், தற்போது ஹரியானாவின் பல்லப்கரில் உள்ளது.

சாணக்யபுரியில் பல சட்டங்கள்

தமிழ்நாடு இல்லம் அமைந்துள்ள தில்லி சாணக்யபுரி, வெளிநாட்டுத் தூதரகங்கள் செறிந்த பகுதியாகும். பணிமாற்றத்தின்போது தூதரகக் குடும்பங்கள் செல்லப்பிராணிகளையும் உடன் அழைத்து வருவது உண்டு. அவர்களின் தாய்நாட்டுச் சட்டங்கள் இவ்விஷயத்தில் ஒன்றுபோல் இல்லை.

ஐரோப்பிய மன்றம் 1987-இல் உருவாக்கிய செல்லப்பிராணிகள் பாதுகாப்பு உடன்படிக்கை, மருத்துவக் காரணமின்றி நகம் அகற்றுவதைத் தடை செய்கிறது. இவ்வுடன்படிக்கை 1992-இல் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனில் 2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி இச்சிகிச்சை குற்றமாகும். அமெரிக்காவிலோ நாடு முழுமைக்குமான தடை இல்லை. 2019-இல் நியூயார்க், இதைத் தடை செய்த முதல் மாநிலமாயிற்று. இதனால் நகம் அகற்றப்பட்ட பூனையும் நகமுள்ள பூனையும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் நிலை ஏற்படக்கூடும். அவ்வாறான வீட்டில் நகமற்ற பூனையை வெளியே விடாமல் வளர்ப்பதும், பிற பூனைகளின் நகங்களைத் தவறாமல் நறுக்குவதும் அவசியமாகும்.

எத்தனை தூண்கள் தேவை?

பூனைகள் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகப் பிறாண்டும் இடங்கள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மூன்று பூனைகளுக்கு நான்கு இடங்கள் தேவை. அவற்றை ஒரே மூலையில் வைத்தால், வலிமையான பூனை அனைத்தையும் தனதாக்கிக்கொள்ளும். ஆகையால் வெவ்வேறு அறைகளில் பிரித்து வைக்க வேண்டும். மணல் தட்டுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

தூண் சுமார் 3 அடி உயரம் இருந்தால்தான் வளர்ந்த பூனை முழு உடலையும் நீட்ட முடியும். சாய்ந்தாலோ ஆடினாலோ பூனை அதை மீண்டும் நாடாது. தேங்காய் நார்க் கயிறு அல்லது சணல் கயிறு இறுக்கிச் சுற்றிய மரக்கட்டையே போதுமானது. படுத்தவாறு பிறாண்ட விரும்பும் பூனைகளுக்குத் தேங்காய் நார் மிதியடியும் அட்டைப்பெட்டித் துண்டும் பயன்படும். பூனை உறங்கும் இடத்தின் அருகிலும், ஏற்கெனவே சேதமான சோபாவை ஒட்டியும் தூணை வைக்க வேண்டும். பூனை தூணுக்குப் பழகும் வரை சோபாவின் கைப்பிடியை வழவழப்பான விரிப்பால் மூடி வைக்கலாம்.

நறுக்கும் முறை

வீட்டுக்குள்ளேயே வாழும் பூனைகளுக்கு இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒருமுறை முன்னங்கால் நகங்களை நறுக்கினால் போதும். விரலின் மேலும் கீழும் மெல்ல அழுத்தினால் நகம் வெளியே நீளும். நுனியில் தெளிவாகத் தெரியும் வளைந்த பகுதியை மட்டுமே வெட்ட வேண்டும். உட்புறம் இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதியில் இரத்த நாளமும் நரம்பும் உள்ளன. அதில் வெட்டுப்பட்டால் வலியும் இரத்தக் கசிவும் உண்டாகும். அவ்வாறு நேர்ந்தால், சோளமாவைத் தொட்டு நகத்தின்மீது சிறிது நேரம் அழுத்திப் பிடிக்கலாம்.

ஒரு பூனையின் அலறல் மற்றவற்றையும் மிரளச் செய்யும் என்பதால், ஒவ்வொன்றையும் தனி அறையில் வைத்து நறுக்குவது நல்லது. ஒரே அமர்வில் அனைத்து நகங்களையும் முடிக்க வேண்டியதில்லை. நாளுக்கு இரண்டு நகங்கள் என்றும் பிரித்துக்கொள்ளலாம். குட்டிப் பருவத்திலிருந்தே பாதங்களைத் தொட்டுப் பழக்கினால் பிற்காலத்தில் எதிர்ப்பு குறையும். முதிய பூனைகளின் நகம் தடித்து வளைந்து பாதச் சதைக்குள் புகுந்துவிடக்கூடும் என்பதால் அவற்றை அடிக்கடி பார்க்க வேண்டும். வெளியே சென்று வரும் பூனைக்கு மரமேறித் தப்பிக்க நகம் தேவை. அதை நறுக்காமல் விடுவதே பாதுகாப்பானது.

கீறல் பட்டால்

பூனை பாதங்களை நக்கும் பழக்கம் உடையது என்பதால், வெறிநோய் விஷயத்தில் கீறலையும் அலட்சியப்படுத்தக் கூடாது. காயத்தை உடனடியாகச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் பூசக் கூடாது. இரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி தேவைப்படலாம் என்றும், இரத்தம் வந்த கீறலுக்குத் தடுப்பூசியுடன் எதிர்ப்புரத மருந்தும் தேவைப்படலாம் என்றும் உலக சுகாதார அமைப்பின் வகைப்பாடு தெரிவிக்கிறது. எனவே தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும்.

கீறலுக்குப் பின் சில நாள்களிலோ வாரங்களிலோ அக்குள், கழுத்துப் பகுதிகளில் நெறிகட்டிக் காய்ச்சல் கண்டால், அது தெள்ளுப்பூச்சிகள் வழியே பூனைகளிடையே பரவும் பார்ட்டோனெல்லா பாக்டீரியாவின் தொற்றாக இருக்கலாம். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு இது கடுமையாகக்கூடும். வீட்டிலுள்ள அனைத்துப் பூனைகளுக்கும் கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி வெறிநோய்த் தடுப்பூசி போடுவதும், அவற்றின்மீது தெள்ளுப்பூச்சிகள் அண்டாமல் பராமரிப்பதும் நகம் நறுக்குவதற்கு இணையான முன்னெச்சரிக்கை நடவடிக்கைகள் என்பது குறிப்பிடத்தக்கது.