வராத கன்றுகளின் கணக்கு

நம் ஊர்களில் கறுப்பும் வெள்ளையுமான கலப்பினப் பசுக்களைக் கண்டிருப்பீர்கள். அவற்றின் தந்தை இனமாகிய ஹோல்ஸ்டீன் மாடுகளிடையே நேர்ந்த ஒரு செய்தியைக் கூற விரும்புகிறேன்.

1962-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆர்லிண்டா சீஃப் என்னும் காளை பிறந்தது. அதன் மகள்கள் மிகுதியாகப் பால் சுரந்தன. உறையவைத்த விந்தைக் கடல் கடந்தும் அனுப்பலாம். ஆதலால் அக்காளைக்கு மகள்கள் 16,000, பேத்திகள் 5 லட்சம், கொள்ளுப்பேத்திகள் 20 லட்சத்துக்கும் மேல் என்று குடும்பம் பெருகிற்று. திருதராட்டிரனும் நாணுவான்!

அக்காளையிடம் ஒரு மரபணு பழுதுற்றிருந்தது. மரபணு ஒவ்வொன்றும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு பிரதிகளாய் வருவது. ஒன்று பழுதாயினும் மற்றது வேலையைச் செய்துவிடும். எனவே காளைக்கு நோய் இல்லை. ஆயின் அப்பழுதைச் சுமக்கும் காளையும் பசுவும் இணையுமானால், சராசரியாக நான்கில் ஒரு கருவுக்கு இரு பிரதியும் பழுதாகவே வாய்க்கும். அக்கரு பிறவாமலே மாளும். சீஃபின் வழிவந்த காளையைச் சீஃபின் வழிவந்த பசுவுக்கே சேர்க்கும் நிலை மந்தைதோறும் வந்தபோது, இது அடிக்கடி நிகழலாயிற்று. பசு கன்று வீசுவதற்குத் தீனி, தொற்று என்று காரணங்கள் பல உண்டல்லவா? காளையை ஐயுற இடமில்லாது போயிற்று.

இது வெளிப்பட்ட விதம், நெடுங்காலம் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பழகிய எனக்குப் பெருவியப்பு. 2011-இல் ஏராளமான மாடுகளின் மரபணுக்களை ஆராய்ந்த அறிஞர்கள், குறிப்பிட்ட ஒரு பகுதியை ஒற்றையாய்ப் பெற்றவை பல இருக்க, இரட்டையாய்ப் பெற்றது ஒன்றுகூட இல்லாமையைக் கண்டனர். கணக்குப்படி இருந்திருக்க வேண்டியவை. பெயர் கூப்பிட்டும் குரல் இல்லை. 2016-இல் பழுதுற்ற மரபணு எதுவென்பதும் வெளியாயிற்று. உலகெங்கும் 5 லட்சத்துக்கு மேற்பட்ட கருக்கள் அழிந்தன, இழப்பு 42 கோடி டாலர் என்று மதிப்பிட்டனர். அதே காளையால் விளைந்த பால் ஆதாயமோ 3,000 கோடி டாலர்! ஆகவே அதனைத் தேர்ந்தவர்களைப் பழிப்பது நேர்மையன்று. ஆதாயம் பால் குடத்தில் தெரிந்தது. இழப்பு தெரியவில்லை, அவ்வளவே.

பழுதைச் சுமக்கும் மாட்டைக் கழிக்கவும் வேண்டுவதில்லை. சோதித்தறிந்து, பழுதில்லாத துணையோடு சேர்த்தால் இக்கேட்டினால் எக்கன்றும் மாளாது. ஆனால் அறிந்த பழுதுக்குத்தானே சோதனை உண்டு? அமெரிக்காவில் கருவூட்டலுக்குப் பயன்படும் ஹோல்ஸ்டீன் காளைகளின் தந்தைவழியைப் பின்னோக்கிச் சென்றால், அநேகமாக யாவும் 1880-ஐ ஒட்டிப் பிறந்த இரண்டே காளைகளில் போய் முடிகின்றன என்று 2015-இல் கண்டிருக்கிறார்கள்.